பக்கிரிக்கு அழுத அழுகை

படம் பிடிக்கிறவர்கள் வந்த தை மாதம் வைத்திக்குப்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. துரை வந்தாலும், துரைசானி வந்தாலும், கப்பலில் சொல்தாக்கள் என்கிற பிரெஞ்சுச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து இறங்கினாலும், புதுச்சேரியில் எல்லா வேடிக்கையும் கடல் பாலத்தோடு முடிந்துவிடும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற குப்பத்தை மீன் வாங்குகிறவர்களும் மாசி மகத்துக்குச் சாமி தூக்கி வருகிறவர்களும் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, மதராசிலிருந்து மோட்டார் நிறைய ஆட்கள் வந்து, மணலில் முக்காலி நட்டு, இந்தக் கரையைத்தான் படத்தில் காட்டப் போகிறோம் என்றால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்?

கூட்டிக்கொண்டு வந்தவர் தனிஸ்லாஸ். மாதாகோயில் பக்கத்துத் தெருக்காரர், வேதக்காரர். கோட்டும் தொப்பியும் போட்டு, நாலு வார்த்தை பிரெஞ்சு பேசி, மேரி என்கிற நகரசபை ஆபீசையே தான்தான் நடத்துவது போல அதன் வாசலில் நிற்பார். என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் அவர் பெண்சாதிக்கே பதில் தெரியாது. 'முசே' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், மனிதர் எந்தக் காரியத்துக்கும் முன்னால் நடப்பார். கெட்டவர் இல்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும், அது தன்னால் நடந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

படம் ஒரு மீன்காரியைப் பற்றியது. புருஷன் குடிகாரன். குடித்துவிட்டுக் கடலுக்குப் போய்ச் செத்துப் போகிறான். அப்புறம் ஒரு ஜமீன்தார் மகன் அவளைக் கைதூக்கி விடுகிறான். மீன்காரியாக நடிக்க வந்தவள் மதராசில் பேர் வாங்கிய பாட்டுக்காரி. வெயில் படாமல் வளர்ந்த நிறம். அது போதாதென்று மேலே மாவைப் பூசினார்கள். சாராயக்கடைச் சண்டைக்குக் குப்பத்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். அவர்களில் சாமிக்கண்ணு அடுப்புச் சட்டிக்குச் சவால் விடுகிற நிறம். அவன் முதுகிலும் கரியைக் குழைத்துத் தேய்த்தார்கள். இதுக்கு மேல எப்படி சாமி கறுக்கறது என்று கேட்டானாம். அப்போதுதான் மீன்காரன் என்று தெரியும் என்றார்களாம். கட்டுமரத்துக்கு வர்ணம் அடித்தார்கள். பாட்டுக்காரிக்கு மீன் வாடை ஆகாது என்பதால் கூடையில் வாழைப்பட்டையை மீன் போல நறுக்கி அடுக்கினார்கள். குப்பத்துக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது. கரையில் தண்ணீர் பட்டதும் மீன்கள் வாழைப்பட்டையாக மிதந்ததைச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் பல நாள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் பெரிய சிரிப்பு அஞ்சலாட்சியுடையது. அவள் பக்கிரியின் பெண்சாதி. காலையில் கட்டுமரம் கரையேறியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு மேற்கே தெருத் தெருவாகப் போய் விற்றுவிட்டு, உச்சி வெயிலில் திரும்பி வந்து அடுப்பு மூட்டுகிறவள். அவள் வைக்கிற காரப்பொடி மீன் குழம்பின் மணம் தெருவுக்கே தெரியும். பக்கிரி அதிகம் பேசாதவன். இடது கையில் பாதிச் சுண்டுவிரல் கிடையாது. சுறா மாட்டிய தூண்டில் கயிறு இழுத்ததில் போனது. அவன் தொழிலுக்குப் போவது அஞ்சலாட்சியின் அண்ணன் தெய்வசிகாமணியின் மரத்தில். அந்த மரத்தின் முகப்பில் எப்போதும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். மச்சானும் மாப்பிள்ளையும் கடலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வேலை செய்வார்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கல்யாணமாகிப் பிள்ளை இன்னும் இல்லை என்பதைத் தவிர அந்த வீட்டில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அஞ்சலாட்சிக்கு இன்னொரு பேரும் உண்டு. குப்பத்தில் சாவு விழுந்தால் அவள் குரலைத் தேடுவார்கள். முன்குரல் எடுப்பவள் ஆயம்மா, தாலி அறுத்து வெகுகாலமானவள். ஆயம்மா எடுத்துக் கொடுக்க, அஞ்சலாட்சி வாங்கித் தூக்கினால் சவத்தைப் பார்க்க வந்த அன்னியனும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருந்தது. மஞ்சள் கயிறு கழுத்தில் இருக்கிறவள் மகளாக அழலாம், தங்கச்சியாக அழலாம், அண்ணிக்காரியாக அழலாம். பெண்சாதி அழுகிற அழுகையை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது. அது ஒருத்திக்கு ஒரு தடவைதான், அதுவும் வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற தடவை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்து ஒப்பாரியில் செத்தவன் பேர் வராது. பேர் சொல்லக் கூடாத உறவுகள்தானே அதிகம் அழுகின்றன. பேருக்குப் பதிலாக அடையாளம் வரும். அவன் உட்கார்ந்த இடம், கட்டின வேட்டி, உடம்பில் இருந்த தழும்பு, ஏறின மரம். அடையாளம் இல்லாத அழுகையை அழுகை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

படம் எடுத்துக்கொண்டிருந்த நாளில் குப்பத்தில் ஒரு பெரியவர் இறந்தார். முக்காலியை ஓரம் வைத்துவிட்டு மதராஸ்காரர்களும் மரியாதைக்கு வந்து நின்றார்கள். அஞ்சலாட்சி மகள்முறையில் நின்று அழுததை அவர்களுடைய டைரக்டர் கேட்டார். பிணம் போன பிறகும் அவர் அங்கேயே நின்றிருந்தாராம். மறுநாள் தனிஸ்லாஸ் வந்தார்.

விஷயம் இதுதான். பாட்டுக்காரிக்குக் கீர்த்தனை வரும், தில்லானா வரும், ஒப்பாரி வரவில்லை. புருஷன் பிணத்தின் மேல் விழுந்து கச்சேரி செய்கிறாள். அதனால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் அஞ்சலாட்சி பாட வேண்டும். மிஷினில் பிடித்துக்கொள்வார்கள்.

"படத்துல நானும் வருவனா முசே?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"வராம? உன்னைய நிக்க வச்சும் புடிப்பாங்க" என்றார் தனிஸ்லாஸ். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

ஆயம்மா கேள்விப்பட்டு வந்து, நான் வந்து அழுகிறேன், எனக்கு ஒரு தோஷமும் இல்லை என்றாள். டைரக்டரிடம் அழைத்துப் போனார்கள். கிழக்குரல், கதாநாயகி வாய்க்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். திரும்புகிற வழியில் ஆயம்மா அஞ்சலாட்சியிடம், போனால் போ, ஆனால் தங்கச்சி அழுகையாக அழுதுவிட்டு வந்துவிடு என்று சொன்னாள். பக்கிரியிடம் கேட்டதற்கு அவன் கூழைக் குடித்து முடித்துவிட்டு, போய் வா, நாளைக்கு உன்னைப் படத்தில் பார்க்க நானே காசு கொடுக்க வேண்டுமோ என்னவோ என்று கேலி பண்ணினான். அவனுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

கரையில் வைத்துப் பாட முடியவில்லை. அலைச் சத்தம் மிஷினுக்கு ஆகவில்லை. கடலோரத்தில் நிலக்கடலை மூட்டை அடுக்குகிற மல்லாட்டைக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, சன்னலுக்கெல்லாம் கோணி தொங்கவிட்டு, அஞ்சலாட்சியை நடுவில் நிறுத்தினார்கள். ஊதா நிறக் கண்டாங்கி கட்டித் தலையில் பூ வைத்துக்கொண்டு போயிருந்தாள், படம் பிடிப்பார்கள் என்று. படம் பிடிக்கிற பெட்டியே அங்கே இல்லை. ஒரு கம்பியின் நுனியில் கறுப்பாக ஒரு உருண்டை மட்டும் அவள் வாய்க்கு நேரே இருந்தது.

தங்கச்சி அழுகையாக எடுத்தாள். டைரக்டர் நிறுத்தினார். பெண்சாதி அழுகை வேண்டும் என்றார். அது எனக்கு வராதுங்க என்றாள். கதையில் செத்தவன் பேரைச் சொல்லி, இவனை நினைத்து அழு என்றார். அப்படி ஒருவனை அவள் பார்த்ததே இல்லை. என்ன அடையாளம் சொல்லி அழுவாள்? மெட்டு வந்தது, அழுகை வரவில்லை. மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி. கோணிக்குள் வெக்கை. மல்லாட்டைத் தூசி தொண்டையில் கமறியது. மதராஸ்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். தனிஸ்லாஸ் வியர்த்துக்கொண்டு, மானத்தை வாங்காதே தாயி என்றார். டைரக்டர் கடைசியில் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"உன் புருஷன் கடலுக்குப் போனவன் வரலைன்னா நீ என்னம்மா பண்ணுவே? அதைப் பண்ணு."

அவள் கோணி தொங்கிய சன்னல் பக்கம், கடல் இருக்கிற திசையைப் பார்த்தாள். அந்த நேரம் பக்கிரி உண்மையாகவே கடலில் இருந்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

சுண்டுவிரல் சுறாவுக்குக் குடுத்தவரே
சொல்லாம போனதென்ன என் தொரையே
செவப்புத்துணி கட்டிவச்ச மரமிருக்க
சேந்தேறும் மச்சானும் கரையிருக்க
கொண்டாந்து போட்ட மீனு துடிச்சிருக்க
கொழம்புக்கு ஆளில்லாமப் போனதென்ன

இன்னும் பாடினாள். முடிந்தபோது மதராஸ்காரர்கள் கைக்கடிகாரத்தை மறந்திருந்தார்கள். டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்து, கடலில் முகம் கழுவி, பூவை எடுத்துப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். பக்கிரி வந்து குடிசைக்குள் நுழையும் வரைக்கும் வாசலிலேயே நின்றாள். என்ன பாடினாய் என்று கேட்டதற்கு, என்னமோ பாடினேன், நினைப்பில்லை என்றாள்.

மறு வருஷம் மாசி மகம் முடிந்து சில நாளில் படம் டவுன் கொட்டகைக்கு வந்தது. கொட்டகை முதலாளி அரிகிருஷ்ண முதலியார் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் வைத்து, குப்பத்து வழியாகவே ஊர்வலம் விட்டார். அன்று சாயங்காலம் குப்பமே கிளம்பியது. ஆண்கள் தரையில் ஒரு பக்கம், பெண்கள் தட்டிக்கு அந்தப் பக்கம். தெய்வசிகாமணியும் பக்கிரியும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கரை வந்ததும் கத்தினார்கள். சாமிக்கண்ணு முதுகு வந்ததும் அவன் எழுந்து நின்று திரும்பி, இந்த முதுகுதான் என்று காட்டினான். சாராயக்கடைச் சண்டையில் திரையில் குப்பம் முழுக்கத் தள்ளாடி, பெண்டாட்டி தாலியை அறுத்து அடகு வைத்தபோது மட்டும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. பின்னால் நாற்காலியில் இருந்த டவுன்காரர் ஒருவர், மீன்காரப் பசங்க புத்தி அப்படித்தான் என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். முன்னால் இருந்தவர்களுக்குக் காதில் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பிணம் கரை ஒதுங்கியது. மாவு பூசிய பாட்டுக்காரி, நகை கழற்றாமல், கூந்தலை விரித்துப்போட்டு ஓடிவந்து விழுந்தாள். வாயைத் திறந்தாள். அஞ்சலாட்சியின் குரல் வந்தது.

முதல் அடியிலேயே தரைக்கூட்டம் அடங்கிவிட்டது. சுண்டுவிரல். இரண்டாவது அடையாளம் சிவப்புத் துணி. பக்கிரியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவன் இடது கையை எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டான். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆயம்மா அஞ்சலாட்சியின் வாயைப் பொத்தினாள், பாட்டு அங்கேயிருந்து வருவது போல. பின்னால் நாற்காலிக்காரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். டவுன் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். அந்த அழுகை எல்லாம் முன்னால் தரையில் உயிரோடு உட்கார்ந்திருந்த ஒருத்தனுக்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் விடிகிற நேரத்தில் பக்கிரி கரைக்குப் போனான். தெய்வசிகாமணி மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையைப் பார்க்காமல், இன்னிக்கு வலை கிழிசல் இருக்கு, நீ இருந்து பாரு என்றான். வலையில் கிழிசலே இல்லை. அடுத்த நாளும் ஏதோ சொன்னான். அதற்கடுத்த நாள் பக்கிரி துடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டான், என்ன மச்சான் என்று.

"எப்பிடி மாப்ள ஏத்தறது?" என்றான் தெய்வசிகாமணி. "உனக்கு ஒண்ணுன்னா அங்க தாலி அறுக்கறவ என் தங்கச்சி. கூட வர்ற ரெண்டு பேரும் உன்ன ஏத்துனா ஏற மாட்டேன்றாங்க. செத்தவன வச்சிகினு துடுப்பு வலிக்கச் சொல்றியான்னு கேக்கறாங்க. நான் என்னா சொல்றது அவங்களுக்கு?"

"நான் செத்தா பூட்டேன்?"

தெய்வசிகாமணி துடுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பக்கிரி மற்ற மரங்களில் கேட்டுப் பார்த்தான். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். வெற்றிலை கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். ஏற்றிக்கொள்ள மட்டும் ஒருத்தரும் இல்லை. கரைவலை இழுக்கவாவது போனான். அவன் கை வைத்த கயிற்றில் இரண்டு பக்கமும் ஆள் குறைந்தது. அதையும் விட்டான்.

அஞ்சலாட்சி அன்று குழம்பு வைத்திருந்தாள். அண்ணன் கொடுத்தனுப்பிய மீன். பக்கிரி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எத்தனையோ சொல்லி அழலாமே, என் அடையாளத்தை எதுக்குச் சொன்னாய் என்று.

"எல்லாத்தியும் மாத்துனாங்கய்யா" என்றாள் அஞ்சலாட்சி. "மரத்த மாத்துனாங்க. மீன மாத்துனாங்க. சாமிக்கண்ணு ஒடம்பு நெறத்தகூட மாத்துனாங்க. நான் பாடுனத மட்டும் அப்பிடியே வச்சிக்குவாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இதயும் எப்பிடியாவது மாத்திக்குவாங்கன்னுதான் நெனச்சேன்."

பக்கிரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தட்டை நகர்த்திவிட்டு வெளியே போய்விட்டான்.

விஷயம் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் நாட்டார் முன்னால் போனது. நாட்டார் விவரம் தெரிந்தவர், கெடுபிடி இல்லாதவர். இதற்கு வழி இல்லாமல் இல்லை என்றார். கடலில் திசை தப்பிப் போனவனைச் செத்தான் என்று நினைத்து அழுதுவிட்டு, அவன் பிற்பாடு கரையேறி வந்த சங்கதியெல்லாம் குப்பத்தில் நடந்ததுதான். அப்படிப்பட்டவனைக் குளிப்பாட்டி, கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் விட்டு, பெண்சாதிக்கு மறுபடி தாலி கட்டவைத்து, அழுத பெண்கள் எல்லாரும் கடலில் பால் ஊற்றி அழுகையை முடித்துவைப்பார்கள். அன்றோடு தோஷம் போய்விடும். பக்கிரிக்கும் அதைச் செய்தால் போயிற்று என்று எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆயம்மாதான் கேட்டாள்.

"அழுகைய நிறுத்துனாதான முடிச்சு வைக்கறது? அது அங்க தெனம் அழுவுதே."

யாரும் அதை யோசிக்கவில்லை. இங்கே காலையில் தாலி கட்டிப் பால் ஊற்றினால், அங்கே கொட்டகையில் சாயங்காலம் பெல் அடித்ததும் படத்து மீன்காரி மறுபடி பக்கிரியைச் சாகடிப்பாள். நாட்டார், படம் ஊரைவிட்டுப் போகட்டும் என்றார். படமோ போவதாக இல்லை. வில்லியனூர், பாகூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அந்த ஒப்பாரிக்காகவே பார்த்தார்கள். அரியாங்குப்பத்துக்காரர்கள் ஆற்றைத் தாண்டி வந்து இரண்டாம் தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். போனாலும்தான் என்ன? மதராசில் ஓடுகிறது, கும்பகோணத்தில் ஓடுகிறது, சைகோனுக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டி போயிருக்கிறது என்று தனிஸ்லாஸ் சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு நடந்தது எதுவும் அப்போது தெரியாது. தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இதற்கிடையில் பக்கிரி கடல் பாலத்தில் மூட்டை தூக்கப் போனான். மல்லாட்டை மூட்டை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் கிடங்குக்கும் பாலத்துக்கும் நடந்ததை அஞ்சலாட்சி ஒரு நாள் கூடையோடு போகும்போது பார்த்தாள். நீந்தத் தெரிந்தவன் மணலில் நடக்கப் பழகுவது போல இருந்தது. அவனைக் கூப்பிடாமல் அடுத்த தெருவில் திரும்பிவிட்டாள். அவள் விற்கிற வீடுகளிலும் இதே பேச்சுதான். அந்தப் படம் பார்த்தியா, மீன்காரி என்னமா அழுவுறா, உங்க சனத்துல அப்படித்தான் அழுவீங்களா என்று கேட்டார்கள். மீனை நிறுத்துப் போட்டுவிட்டு நடப்பாள்.

தனிஸ்லாஸ்தான் யோசனை சொன்னார். முதலியாரிடம் போய்ச் சொல்வோம், அந்த ஒரு பாட்டை வெட்டிவிட்டு ஓட்டட்டும், நல்ல மனிதர், தெய்வ பயம் உள்ளவர். புதுச்சேரியில் நின்றால் மற்ற ஊருக்கு ஒரு கடிதாசு போடலாம். நம்பிக்கை இல்லாவிட்டாலும் வேறு வழியும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் தனிஸ்லாஸ் முன்னால் நடக்க, தெய்வசிகாமணியும் பக்கிரியும் அஞ்சலாட்சியும் கொட்டகைக்குப் போனார்கள்.

முதலியார் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார். தனிஸ்லாஸ் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. படத்தோடு விற்கிற பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, பாட்டுக்கு மேலே அச்சடித்திருந்ததைத் தனிஸ்லாசுக்குக் காட்டினார். பாடியது கதாநாயகி என்று இருந்தது.

"கிடங்குல நான் கூடவே நின்னேன் முதலியாரே" என்றார் தனிஸ்லாஸ்.

"நீ நின்னிருக்கலாம்" என்றார் முதலியார். "அந்த அம்மா ராகம் போட்டா மதராசே எழுந்து நிக்குது. அவங்க வாய்ல வர்ற பாட்டு மீன்கூடைக்காரி பாட்டுன்னு நான் போய் யார்கிட்ட சொல்றது? படத்துல இந்தப் பொண்ணு மொகம் எங்கனா வருதா? சொல்லு, வந்தா நானே நிறுத்தறேன்."

வரவில்லை. எங்கேயும் வரவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். அஞ்சலாட்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலியாருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்து, சரி, நீதான் பாடியது என்றால் ஓர் அடி பாடிக் காட்டு, என் காதே எனக்குச் சாட்சி, அந்தக் குரல்தான் என்று பட்டால் மதராசுக்குத் தந்தி அடிக்கிறேன் என்றார்.

தெய்வசிகாமணி எழுந்துவிட்டான். அவன எதுருல வச்சிகினு பாடறதா, வேணாம் வா போவலாம் என்றான். அஞ்சலாட்சியும் எழுந்தாள். அன்றைக்கு அவனை நினைத்துப் பாடியதற்கே இந்தப் பாடு. இன்று அவன் கண்ணெதிரே நிற்கும்போது எப்படி வாயைத் திறப்பாள்?

பக்கிரிதான் அசையவில்லை.

"பாடு" என்றான்.

"வேணாம்யா."

"தெனம் ரெண்டு ஆட்டம் அவ அழுவுறா. ஒரு வாட்டி நீ அழுதா என்னா ஆயிடும். பாடிடு அஞ்சல. நிறுத்தட்டும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கிரியைப் பார்த்துப் பாட முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். இந்தத் தடவை அழுகையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கடலுக்குப் போகாமல் இளைத்துப்போன தோள், மூட்டை தூக்கிக் காய்த்த முதுகு, எல்லாம் அதில் வந்து சேர்ந்துகொண்டன. ஓர் அடி போதும் என்று சொன்னதை மறந்து முழுக்கப் பாடினாள். டிக்கெட் கொடுக்கிறவன் எட்டிப் பார்த்தான். கொட்டகை கூட்டுகிற பெண் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முடிந்தபோது முதலியாருக்கும் கண் கலங்கியிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அருமையாப் பாடறே" என்றார். "அச்சு அசல் அந்த அம்மா மாதிரியே இருக்குது. எத்தினி வாட்டி படம் பாத்தே?"

தனிஸ்லாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலியார் அன்பாகக் கையை உயர்த்தி, பாட்டு மனசில் பதிந்துவிட்டால் இப்படி எல்லாருக்கும் தோன்றுவதுதான், என் மருமகள்கூட வீட்டில் இதையே அழுதுகொண்டிருக்கிறாள் என்றார். பிறகு டிக்கெட்காரனைக் கூப்பிட்டு, இந்தப் பெண் எப்போது வந்தாலும் காசு வாங்காமல் உள்ளே விடு என்று சொல்லி அனுப்பினார். அவரால் முடிந்த மரியாதை அதுதான்.

வெளியே வந்ததும் தெய்வசிகாமணி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முன்னால் நடந்து போய்விட்டான். தனிஸ்லாஸ் தெருமுனை வரைக்கும் கூட வந்தார். மதராசுக்கு எழுதுகிறேன், மேரியில் சொல்கிறேன், போலீஸ் கொமிசேரைப் பார்க்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தானே தலையை ஆட்டி, கடைசியில் அவரும் நின்றுவிட்டார். புருஷனும் பெண்சாதியும் வாய்க்காலைத் தாண்டிக் கடற்கரைச் சாலைக்கு வந்தார்கள். வெயில் சாயவில்லை. தென்காற்றுக்குப் பாய் விரித்து மரங்கள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பக்கிரி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

அவன் தன்னைத் திட்டுவான் என்று அஞ்சலாட்சி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவனோ மணலில் இறங்குகிற இடத்தில் நின்றான். குரலில் கோபமே இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்கிறவன் போலத்தான் கேட்டான்.

"நாளைக்கு நெசமாவே எனக்கு ஒண்ணு ஆயி, கொண்டாந்து போட்டாங்கன்னு வையி. நீ என்னா சொல்லி அழுவே?"

அவள் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

"இதச் சொன்னா, படத்துப் பாட்டப் பாடறா பாருன்னுதான சொல்லுவாங்க."

அஞ்சலாட்சி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் அடையாளத்தில் சொல்லாமல் விட்டது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அவனை உச்சியிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். ஒன்றும் மிச்சம் இல்லை.